போகும்போது மிரளாத குதிரை வரும்போது மிரள்வது ஏன்?

காட்டுப் பாதையில் போகும்போது ஒரு பாறையைச் சட்டைசெய்யாமல் கடந்த குதிரை, திரும்பும்போது அதே பாறையைக் கண்டு துள்ளி விலகும். முரண்டு பிடிக்கிறது என்று மேலிருப்பவர் சாட்டையை ஓங்குவார். பாவம், அதன் கண்ணுக்கு அது இதுவரை பார்த்திராத பாறை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். குழந்தைகள் விளையாடும் பெரிய பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்குக் காட்டிப் பழக்கினார்கள். பயம் தெளிந்த பிறகு அதை 90 பாகை திருப்பி வைத்தார்கள். குதிரைகள் புதுப்பொருளைக் கண்டதுபோலவே மிரண்டன.

திறந்த புல்வெளியில் வேட்டை விலங்குகளுக்குத் தப்பி வாழ்ந்த இனம் இது. முதலில் ஓட்டம், பிறகுதான் ஆராய்ச்சி. தலையின் இருபுறமும் அமைந்த கண்கள் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும்; நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டுமே மறைவு. வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைந்தால் கண் பழக நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தால் கேட்கவே வேண்டாம்.

மிரட்சி சொல்லாமல் வருவதில்லை. காதுகள் ஒரே திசையில் குத்திட்டு நிற்கும், கழுத்து உயரும், முதுகு இறுகும். அப்போதே நிறுத்தி, தள்ளி நின்று பார்க்க விடுங்கள். இரண்டு கடிவாள வார்களையும் இறுக்கிப் பிடித்தால் தப்ப வழியில்லை என்று அது இன்னும் கலவரப்படும். அடித்தாலோ, அந்தப் பாறையோடு வலியும் சேர்ந்து மனத்தில் பதியும். ஓடத் தொடங்கினால் ஒரு பக்க வாரை மட்டும் மெல்ல இழுத்துத் தலையைத் திருப்பி வட்டமிடச் செய்யலாம். சரிவோரத்துக் குறுகிய பாதையில் இது ஆபத்து. மைதானத்தில் முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

மேலிருப்பவரின் அச்சமும் கீழே இறங்குகிறது. 2009-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், குதிரையோடு ஒரே பாதையை நான்காவது முறை கடக்கும்போது குதிரையின் முன் குடை விரிக்கப்படும் என்று மனிதர்களிடம் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பும் ஏறியது, எதுவும் அறியாத குதிரைகளின் துடிப்பும் ஏறியது. எனவே பாறையை வெறிக்காமல், அதைத் தாண்டிய பாதையைப் பார்த்து, மூச்சை நீளமாக விடுங்கள்.

பழக்குவதைப் படிப்படியாகச் செய்வதே நல்லது. மிரளாத மூத்த குதிரையை முன்னே நடக்கவிட்டு, பின்னால் புதியதை அழைத்துச் செல்லுங்கள். பாறையைக் கடந்ததும் பயிற்சியை முடித்துவிடாதீர்கள். அங்கேயே திருப்பி, எதிர்த்திசையிலிருந்தும் அதைக் கடக்கச் செய்யுங்கள்.