கியர் தடுமாறினால் கியர்பெட்டியே பழுதா?

மாலை நேர நெரிசலில் பச்சை விளக்கு எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். எஞ்சின் உறுமுகிறது, காரோ நகரத் தயங்கி, ஒரு கணம் கழித்து உதறலுடன் பாய்கிறது. மறுநாள் பணிமனையில், "கியர்பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்" என்கிறார்கள். பல கார்களில் இதற்கான செலவு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். கார்க் கடனின் மாதத் தவணையோடு இதுவும் சேர்ந்தால் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கே நிலைகுலையும்.

எனினும், கியர் மாறுவதில் தோன்றும் குறைகள் யாவும் கியர்பெட்டியின் உட்பழுதால் வருபவை அல்ல. குறைந்த எண்ணெய், பழுதான உணரி, வலுவிழந்த பேட்டரி ஆகியவையும் அதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். எளிய காரணங்களை முதலில் ஆராய்ந்து விலக்கிய பின்னரே பெரிய பழுதுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். அந்த ஆய்வின் முறையை இங்குக் காண்போம்.

நம் காரில் இருப்பது எவ்வகை?

இந்தியச் சாலைகளில் நான்கு வகைத் தானியங்கி கியர்பெட்டிகள் மிகுதியாக ஓடுகின்றன. முதலாவது, எண்ணெயின் சுழற்சி வழியே எஞ்சினின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. இரண்டாவது, இரு கப்பிகளுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டையைக் கொண்ட சிவிடி. மூன்றாவது, ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்றுமாக இரு கிளட்சுகளைக் கொண்ட டிசிடி. நான்காவது, 2014ஆம் ஆண்டு மாருதி சுசூகி செலேரியோவின் வருகைக்குப் பின் நம் நாட்டில் பரவலான ஏஎம்டி. இது சாதாரண கைக்கியர்பெட்டியேயாகும். கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கிறது.

இவ்வேறுபாட்டை அறிவது முதற்படி. ஏனெனில் ஒரு வகைக்கு இயல்பானது மற்றொன்றுக்கு நோயாகும். கியர் மாறும்போது கார் சற்றே தயங்கித் தலையசைப்பது ஏஎம்டியின் இயல்பு. வேகம் கூடுமுன் எஞ்சினின் சுழற்சி உயர்ந்து நிற்பது சிவிடியின் இயல்பு. ஆனால் டார்க் கன்வெர்ட்டர் வகையில், சீராக ஓடும்போது சுழற்சி மட்டும் திடீரென ஏறி வேகம் ஏறாவிட்டால், உள்ளிருக்கும் கிளட்சுகள் வழுக்குகின்றன என ஐயுற வேண்டும்.

எப்போது நிகழ்கிறது?

'கியர் சரியில்லை' என்று மட்டும் கூறினால் தொழில்நுட்பருக்கு அது போதாது. காலையில் முதன்முதலாக எடுக்கும்போதா, அரை மணி நேரம் ஓட்டிய பின்னரா? எந்த வேகத்தில்? எந்த கியரிலிருந்து எதற்கு மாறும்போது? மேட்டில் ஏறும்போதா, சமதளத்திலா? ஒரு வாரம் கவனித்து இவற்றைக் குறித்துக்கொள்வது நன்று.

நிறுத்தத்திலிருந்து 'டி' நிலைக்கு மாற்றியபின் கார் பிடிமானம் பெற இரண்டு மூன்று நொடிகள் ஆகுமானால், எண்ணெய் குறைவாக இருக்கலாம். அல்லது எண்ணெயின் அழுத்தம் போதாமலிருக்கலாம். மிதமான வேகத்தில், மெல்ல மிதிக்கும்போது சாலையின் வரிமேடுகளில் ஓடுவதுபோன்ற நடுக்கம் எழுந்தால், டார்க் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்சை ஐயுறலாம். கார் ஒரே கியரில் சிக்கி, வேகமெடுக்க மறுத்து, எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், கட்டுப்பாட்டுக் கணினி மேலும் சேதம் நேராதிருக்கப் பாதுகாப்பு நிலைக்குச் சென்றுள்ளது என்று பொருள்.

எண்ணெய் சொல்லும் செய்தி

டார்க் கன்வெர்ட்டர் வகையில் எண்ணெய் வெறும் மசகு அன்று; விசையைக் கடத்துவதும் கிளட்சுகளை அழுத்துவதும் வெப்பத்தை நீக்குவதும் அதுவே. பெரும்பாலும் தெளிந்த சிவப்பு நிறத்தில் இருக்கும் இவ்வெண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை வீசினால், கிளட்சுத் தகடுகள் தேய்ந்திருக்கக்கூடும். பால் கலந்தாற்போல் வெளிர்ந்திருந்தால், தண்ணீரோ குளிர்விப்பானின் நீரோ உட்புகுந்துள்ளது. அந்நிலையில் காரை ஓட்டாதிருப்பதே நலம்.

இன்றைய கார்கள் பலவற்றில் எண்ணெயை அளக்கும் குச்சி இல்லை. குறித்த வெப்பநிலையில், காரைச் சமமாக உயர்த்தி, அடைப்பானைத் திறந்தே அளவைப் பார்க்க இயலும். குறைவைப்போலவே மிகையும் கேடு. எண்ணெய் நுரைத்து அழுத்தம் குன்றும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையையே ஊற்ற வேண்டும். சிவிடிக்கு வேறு வகை எண்ணெயை ஊற்றுவது அதன் பட்டைக்கும் கப்பிகளுக்கும் தீங்கு விளைவிக்கும்.

குறியீட்டைப் படித்தல்

ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறமுள்ள 16 முனைச் செருகுவாயில் ஸ்கேனரை இணைத்தால், கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைக் காணலாம். பி0700 என்பது கியர்பெட்டிக் கட்டுப்பாட்டில் ஏதோ ஒரு குறை பதிவாகியுள்ளது என்ற பொது அறிவிப்பு மட்டுமே. உண்மைக் காரணத்தைக் காட்டும் மற்றொரு குறியீட்டைத் தேட வேண்டும். பி0715 கியர்பெட்டியின் உள்ளீட்டு வேக உணரியின் மின்சுற்றையும், பி0730 கியர் விகிதம் பொருந்தாமையையும் குறிக்கும். குறியீடு ஆராய வேண்டிய இடத்தைக் காட்டுமேயன்றி, மாற்ற வேண்டிய பாகத்தைத் தீர்மானிக்காது. உணரியின் குறியீடு வந்தால் முதலில் கம்பியையும் இணைப்பையும் சோதிக்க வேண்டும். குறியீடுகளை அழிக்கும் முன் அவற்றை எழுதித் தருமாறு கேட்பது நம் உரிமை.

வேடமிட்டு வரும் குறைகள்

எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரிவர எரியாதபோது எழும் உதறல், கியரின் உதறலைப் போலவே தோன்றும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் நைந்தால் 'ஆர்' அல்லது 'டி'க்கு மாற்றும்போது 'டக்' என்ற அடி கேட்கும். 'பி'யிலிருந்து நெம்புகோல் அசையவில்லையெனில், பிரேக் சுவிட்சு பழுதாகியிருக்கக்கூடும். பின்புறப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே அதற்குத் துப்புக் கிடைத்துவிடும். பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தாலும் கணினி பொய்க் குறியீடுகளைப் பதிவு செய்யலாம். ஏஎம்டியில் கிளட்சுத் தேய்மானமும் அதை இயக்கும் கருவியின் குறையும் முதலில் ஆராயத்தக்கவை. புதிய கிளட்சு பொருத்திய பின், அதன் பிடிநிலையைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புதிய பாகமும் பழைய தொல்லையையே தரும்.

பணத்தைக் காக்கும் வழி

வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஈடுசெய்வதில்லை. எனவே நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் இருப்பின், கியர்பெட்டி அதில் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்தறிய வேண்டும். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றியதற்கான ரசீதுகளைப் பேணுவது அவசியம். பெரிய மதிப்பீடு வந்தால், குறியீடுகள், எண்ணெயின் நிலை, ஓட்டிப் பார்த்த முடிவு ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்று, வேறொரு பணிமனையின் கருத்தையும் கேட்கலாம். பயன்படுத்திய தானியங்கி காரைக் கடனில் வாங்குவோர், எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பது நன்று.

கார் நடுவழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கச் செய்யலாகாது. எஞ்சின் ஓடாதபோது பல கியர்பெட்டிகளில் எண்ணெய் சுற்றுவதில்லை. சக்கரங்கள் உருள உருள உட்பாகங்கள் உராய்ந்து கெடும். தட்டையான மேடையுள்ள இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது. சிறு குறையாக இருந்ததைப் பெருஞ்செலவாக நாமே ஆக்கிக்கொள்ளாதிருக்க இந்த எச்சரிக்கை உதவும்.