கெளுத்திக் குஞ்சுகளின் தீனியும் கடலைப் பிண்ணாக்கின் குறையும்

மீன் குளம் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களில் பலர், தீனியில் புரதச் சத்து நூற்றுக்கு இத்தனை பங்கு உளது என்று கேட்டறிந்த அளவில் திருப்தியடைகின்றனர். கடலைப் பிண்ணாக்கில் அச்சத்து 40 பங்குக்கு மேல் இருப்பதால், அதனுடன் தவிட்டைக் கலந்து இட்டாலே போதும் என்பது நெடுநாளைய வழக்கம். கெண்டை இனங்களுக்குக் குளத்தில் தாமே உண்டாகும் சிற்றுயிர்களும் ஆகாரமாவதால், இவ்வழக்கம் ஓரளவு பலன் தந்தது. நெருக்கமாக விடப்பட்டு, இட்ட தீனியையே நம்பி வளரும் கெளுத்திக் குஞ்சுகளுக்கோ அது போதாது. குறை புரதத்தின் அளவில் அன்று. அதன் தன்மையில் உளது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் பலவகை மணிகள் கோத்த ஒரு கோவை போன்றது. மீன் உண்ட புரதம் வயிற்றில் தனித்தனி மணிகளாகப் பிரிந்து, பின் சதையாக மீண்டும் கோக்கப்படுகிறது. இவற்றுள் பத்து வகைகளை மீனின் உடல் தானே செய்துகொள்ள மாட்டாது, தீனியிலிருந்தே பெறவேண்டும். ஒரு வகை தீர்ந்தவுடன் மற்றவை எவ்வளவு மிகுந்திருப்பினும் கோப்பது நின்றுவிடும். மிஞ்சியவை எரிக்கப்பட்டு, அவற்றின் நைட்ரஜன் செவுள் வழியே அமோனியாவாக நீரில் கலக்கும். விலை கொடுத்து வாங்கிய சத்து குளத்தையே கெடுக்கிறது என்று அறிக.

அமெரிக்காவின் தென் மாகாணங்களில், முன்பு பருத்தி விளைந்த நிலங்களில் குளம் வெட்டி, ‘சானல் காட்பிஷ்’ எனப்படும் கெளுத்தியைப் பெருவாரியாக வளர்க்கின்றனர். இம்மீனுக்கு இன்றியமையாத அமிலங்கள் எவை என்று டுப்ரீ, ஹால்வர் என்போர் 1970-ல் வெளியிட்டனர். பின்னர் மிசிசிப்பி மாகாண சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபின்சன், வில்சன், போ ஆகியோர் 1980-ல், குஞ்சுகளுக்கு வேண்டிய லைசின் என்னும் அமிலம் புரதத்தில் நூற்றுக்கு 5 பங்கு என்று கணித்தனர். கடலைப் பிண்ணாக்குப் புரதத்திலோ அது ஏறத்தாழ 3.5 பங்கே. சோயாவில் 6-க்குச் சற்று மேலும், நல்ல மீன் தூளில் 7.5 அளவிலும் உண்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 பங்கு தீனியில் 30 பங்கு புரதமானால், லைசின் 1.5 பங்கு வேண்டும். புரதம் முழுவதும் கடலையிலிருந்து வந்தால் கிடைப்பது 1.05 பங்கு, அஃதாவது வேண்டியதில் பத்தில் ஏழு பங்கு. அதில் பாதிப் புரதத்தை மீன் தூளால் கொடுத்தால் 1.65 ஆகிக் குறை தீர்கிறது. சோயாப் பிண்ணாக்கு பாதியென்றால் சற்றுக் குறைகிறது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எள்ளுப் பிண்ணாக்கைச் சேர்த்தால் சரிப்படும் என்பாரும் உளர். எள்ளில் மெத்தியோனின் மிகுதியே. ஆனால் லைசின் கடலையினும் குறைவாதலால், அக்கலப்பு இக்குறையைத் தீர்க்காது.

இக்குறையில் மோசம் யாதெனில், வெளிப்படையான நோய்க்குறி ஒன்றும் தோன்றுவதில்லை. புண் இல்லை; சாவு இல்லை. குஞ்சுகள் தீனியில் நாட்டம் குறைந்து, வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவே. அறுவடை நாளில் எடை குறைந்தபின் தண்ணீரையும், குஞ்சு விற்றவரையும் நிந்திப்பது வழக்கமாயிருக்கிறது. ஊர்க் குளத்துக் குத்தகைதாரர் இவ்வாறு முறையிடும்போது, கிராம அதிகாரிகள் முதலில் தீனியை விசாரித்தல் நலம்.

மீன் தூள் வாங்குவோர் மணலும் உப்பும் கலந்த மலிவுச் சரக்கைத் தள்ளவேண்டும். கருகும்படி காய்ச்சிய தூளில் லைசின் மீனுக்குப் பயன்படாதவாறு கெட்டிருக்கும். பச்சைச் சோயா செரிமானத்தைத் தடுக்குமாதலால் பக்குவமாகச் சூடேற்றியதே ஏற்றது. தனி லைசின் தூளும் கடையில் கிடைக்கிறது. அமெரிக்காவில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குத் தீனியில் அதைச் சேர்ப்பதுண்டு. அது நீரில் எளிதில் கரைவதால் உருண்டைத் தீனிக்குள் நன்கு பிணைத்தே இடவேண்டும். பிண்ணாக்கின்மேல் தூவுவது வீண்.

மேற்சொன்ன அளவுகள் அமெரிக்கக் கெளுத்திக்குக் கண்டவை. நம் நாட்டுக் கெளுத்தி இனங்களுக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஐயமுள்ளவர், ஒரே ஈட்டுக் குஞ்சுகளைச் சம எண்ணிக்கையாக இரண்டு வலைத்தொட்டிகளில் விட்டு, ஒன்றிற்குக் கடலைத் தீனியும் மற்றதற்குக் கலப்புத் தீனியும் இட்டு, இரண்டு மாதம் கழித்து நிறுத்துப் பார்க்கலாம். இரண்டு தீனியிலும் மொத்தப் புரதம் சமமாயிருத்தல் வேண்டும்; இன்றேல் எடை வித்தியாசம் எதனால் வந்தது என்று விளங்காது.