கடலைக் குடித்த பருத்தி!

தாஷ்கண்ட் என்றதுமே நம்மவர்களுக்கு லால்பகதூர் சாஸ்திரி நினைவுதான் வரும். 1966-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி அங்கே அவர் பாகிஸ்தானுடன் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விடிவதற்குள் அவர் உயிர் பிரிந்தது.

அந்த தாஷ்கண்ட், உஸ்பெக் மக்களின் தலைநகரம். பாபர் பிறந்த ஆண்டிஜானும் அவர்கள் நாட்டில்தான் இருக்கிறது. 1924-ல் உஸ்பெக் சோவியத் குடியரசு உருவாயிற்று. 1991 வரை கம்யூனிஸ்டு ஆட்சி. அந்த ஆட்சியில் அம்மக்கள் பெற்றது என்ன? இழந்தது என்ன?

எரிந்த முகத்திரை

அந்நாளில் நகரத்து உஸ்பெக் பெண்கள் குதிரை மயிரால் நெய்த கனத்த திரையால் முகத்தை மூடியிருந்தார்கள். 1927 மார்ச் 8-ந்தேதி, மகளிர் தினத்தன்று, ஊர்ச் சதுக்கங்களில் அந்தத் திரைகள் தீயில் விழுந்தன. கட்சி நடத்திய இயக்கம் அது.

திரையை எறிந்த பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தெருவில் வசை, வீட்டில் கத்தி! நூர்கான் என்ற இளம் நாட்டிய நடிகையை 1929-ல் உடன்பிறந்த அண்ணனே கொன்றான். ஆனாலும் பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். டாக்டராகவும் என்ஜினீயராகவும் வந்தார்கள்.

தாத்தாவின் கடிதம்

படிப்பு வந்தது, எழுத்து நிலைக்கவில்லை. அரபி எழுத்து போய் லத்தீன் வந்தது. 1940-ல் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க முடியவில்லை!

எழுத்தாளர்களும் தப்பவில்லை. முதல் உஸ்பெக் நாவலை எழுதிய அப்துல்லா காதிரியையும் கவிஞர் சோல்பானையும் 1938 அக்டோபர் 4-ந்தேதி ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது.

எங்கும் பருத்தி

மாஸ்கோ கேட்டது பருத்தி. 'வெள்ளைத் தங்கம்' என்று அதற்குப் பெயர். 1939-ல் ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேர் மண்வெட்டியும் கையுமாக நின்று, 270 கிலோ மீட்டர் நீளப் பெர்கானா கால்வாயை 45 நாளில் வெட்டினார்கள். அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் காலியாகும். பிள்ளைகள் பருத்திக் காட்டில் இருப்பார்கள். அவர்கள் பறித்த பஞ்சில் பெரும்பகுதி வெளிக் குடியரசுகளின் ஆலைகளுக்குப் போயிற்று.

அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் தண்ணீர் வாய்க்கால்களில் திரும்பியது. அவை போய்ச் சேரும் ஆரல் கடல் 1960-ல் உலகின் நான்காவது பெரிய ஏரி. அது வற்றத் தொடங்கியது. மொய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் நின்றன. அங்கிருந்த மீன் டப்பாத் தொழிற்சாலைக்கு வேலை கொடுக்க, தூரத்துக் கடல்களிலிருந்து ரயிலில் மீன் வந்தது!

காகிதத்தில் விளைந்த பஞ்சு

ஆண்டுக்கு 60 லட்சம் டன் என்று இலக்கு வைத்தார்கள். நிலம் தராததைப் பேரேடு தந்தது. விளையாத பஞ்சுக்கும் பணம் பட்டுவாடா ஆயிற்று. 1980-களில் குட்டு உடைந்தது. பிரெஷ்னேவின் மருமகன் சுர்பனோவ் 1988-ல் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் ஊழலுக்கு வைத்த பெயர் 'உஸ்பெக் விவகாரம்'. பொய்க்கணக்கு எழுதியவர்கள் சிலர். பழியைச் சுமந்தது ஓர் இனம்!

1991 ஆகஸ்டு 31-ந்தேதி விடுதலை அறிவித்தார்கள். அதன் பிறகும் கட்டாயப் பருத்தி பறிப்பு பல ஆண்டுகள் நீடித்தது. 2021 அறுவடையில்தான் அந்த வழக்கம் ஒழிந்ததாக சர்வதேச தொழிலாளர் நிறுவனம் கூறியது.

பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். மொய்னாக்குக்குக் கடல் திரும்பவில்லை.