பத்து சென்ட் யுத்தக் கதைகள்

1950-ஆம் ஆண்டு கொரியாவில் யுத்தம் மூண்டு சில மாதங்களுக்குள் ‘டூ ஃபிஸ்டட் டேல்ஸ்’ என்ற பத்திரிகையையும், மறு ஆண்டு ‘ஃப்ரண்ட்லைன் காம்பாட்’ என்ற மற்றொன்றையும் நியூயார்க்கின் ஈ.சி. காமிக்ஸ் நிறுவனம் பத்து சென்ட் விலைக்கு வெளியிட்டபோது, மட்டமான காகிதத்தில் அச்சான அந்தக் கதைகள் ஒருநாள் கெட்டி அட்டை கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் போற்றப்படும் என்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. அவற்றின் ஆசிரியரான ஹார்வி கர்ட்ஸ்மன், யுத்தத்தை வீரப் பிரதாபமாகப் பாடாமல், குளிரும் பயமும் மரணமும் சூழ்ந்த மனிதானுபவமாகவே கண்டவர்; ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் தாமே கோட்டுருவமாக வரைந்து கொடுத்து, ஜாக் டேவிஸ், வாலி வுட், ஜான் செவரின் போன்ற சித்திரக்காரர்கள் அந்த அமைப்பை மீறலாகாது என்று பிடிவாதம் செய்தவர்.

அச்சு வேலை முடிந்ததும் மூலச் சித்திரங்களைக் கழிவாகக் கருதுவதே அந்நாளைய பதிப்பாளர் பலரின் வழக்கமாயிருக்க, ஈ.சி.யின் அதிபர் வில்லியம் கெய்ன்ஸ் அவற்றைப் பத்திரமாகச் சேமித்து வைத்தார். அந்த ஒரு காரியம் இல்லாதிருந்தால் பின்னாளில் எத்தனை பணம் செலவிட்டும் பயன் விளைந்திராது. பௌதிகப் பேராசிரியராயிருந்த ரஸ் காக்ரன், 1970-களின் இறுதி தொட்டு, அந்த மூலங்களிலிருந்தே புதிதாகப் படமெடுத்து, பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில் தொகுதி தொகுதியாக வெளியிடலானார். பழைய பத்திரிகையிலிருந்து நகலெடுத்தால் மை பரவித் தடித்த கோடும், பழுப்பேறிய தாளும், இடம் பிசகி விழுந்த வர்ணப் புள்ளிகளும் அப்படியே கூடவரும். மூலத்திலிருந்து எடுத்தாலோ தூரிகை நுனி மயிரிழையாய் மெலிந்து மறையும் இடமும், பென் ஓடா கையால் எழுதிய எழுத்துகளின் நடுக்கமற்ற வளைவும் தெளிவாகப் புலப்படும்.

ஆயினும் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அக்கதைகளுக்கு வர்ணம் தீட்டிய மேரி செவரின், கோரமான கட்டங்களை ஒரே நிறத்தில் ஆழ்த்தி, வாசகன் கண்ணைக் கூசவைக்காமல் மனத்தை மட்டும் உலுக்கும் வித்தை கைவந்தவர். அதுவும் கதை சொல்லும் முறையே. அட்டைப் படங்களில் மாத்திரம் வர்ணத்தை வைத்துக்கொண்டு உள்ளே அதை நீக்கியது சரிதானா என்ற விவாதத்தில், கோட்டை முதலில் காப்பாற்றியது சரி என்றும், வர்ணத்துக்கென்று வேறொரு பதிப்பு அவசியம் என்றும் நான் துணிந்து சொல்வேன்.

காகிதத் தேர்விலும் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. பளபளக்கும் தாள் யுத்தத்துக்கு ஓர் அலங்காரத்தைப் பூசிவிடும். ஒளியை விழுங்கும், சற்றே சொரசொரப்பான தாளே இக்கதைகளுக்கு உகந்தது. நூலால் தைத்துக் கட்டியிருந்தால் புத்தகம் மேஜைமேல் தட்டையாக விரிந்து கிடக்கும். உள்ளோரக் கட்டங்கள் மடிப்புக்குள் புதையா. இம்ஜின் நதிக்கரையில் தனித்திருக்கும் ஒரு சிப்பாய், தன்மேல் பாய்ந்த பகைவனைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொல்லும் கதையைக் கர்ட்ஸ்மன் தாமே வரைந்தார். அதில் கட்டத்துக்குக் கட்டம் மாறுவது மிகச் சொற்பமே. அந்தச் சொற்ப மாற்றத்தை, பெரிய தாளில், கறுத்த மையில் பார்க்கையில், நீருக்குள் ஒரு மூச்சு அடங்குவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பது தெரிகிறது.