எந்த வாசலால் நுழைவது? – 11
கயிற்றில் ஒட்டி வந்த மணல்

சிவில், மெக்கானிக்கல் இரண்டும் முடிந்தன. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன் துறையின் ஆய்வுகூடத்தைப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டது தொடர்ந்து வாசிப்போருக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பொருட்பொறியியல். பிள்ளைகளின் பேச்சில் மெற்றீரியல்ஸ். உலோகம், மட்பாண்டம், பல்பகுதியம், கலப்புப்பொருள் ஆகியவற்றின் உள்ளமைப்பை அறிந்து, அதை மாற்றி, வேண்டிய வலிமையையோ கடத்துதிறனையோ வருவிக்கிற படிப்பு. இதற்கு ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்கையில் முதலாவதாகக் கேட்க வேண்டியது, அந்தத் துறை எந்தப் பொருளோடு நாளாந்தம் மல்லுக்கட்டுகிறது என்பதே. அதற்கு அருகில் எந்தத் தாது கிடைக்கிறது, எந்த உலை எரிகிறது, எந்தத் தொழிற்சாலை அதன் கதவைத் தட்டுகிறது என்று பார்த்த பிறகு தரவரிசையைப் பார்க்கலாம்.

எங்களுக்கு ஏது தெரிவு, இசட் புள்ளி அல்லவா தெரிவுசெய்கிறது என்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தக் கடைசிப் பட்டியலில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் உண்டு. எப்படியும் இங்குள்ள கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி பெரிய மதில்தான். ஆனாலும் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தெரிவுகள் மிஞ்சுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் எங்கள் பொறியியல் பீடத்தில் குடிசார், இயந்திர, மின், கணினித் துறைகள் உண்டு. பொருட்பொறியியலுக்குத் தனித்துறை இல்லை. மொறட்டுவையில் உண்டு. எனவே விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்பும்போதே முதல் தெரிவு நடந்துவிடுகிறது. மொறட்டுவைக்குள் நுழைந்த பின், தொடக்கத்தில் எல்லோரும் பொதுவாகப் படித்து, பரீட்சைப் பெறுபேற்றின்படியும் விருப்பத்தின்படியும் துறைகளுக்குப் பிரிகிறார்கள். இது இரண்டாவது தெரிவு. அந்த நேரத்தில் கணினியையும் மின்னணுவையும் நோக்கிக் கூட்டம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் நின்று யோசிக்க ஒரு பிள்ளைக்கு ஏதேனும் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடப் போய்த்தான் இந்த வாரக் கட்டுரை மணவாளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டது.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தக் கரையோரத்திலிருந்து தும்புக் கயிறு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கயிற்றோடு கடற்கரை மணலும் ஒட்டிக்கொண்டு போனது. ஷொம்பெர்க் என்ற ஜேர்மானிய இரசாயனவியலாளர் 1909இல் அந்த மணலில் மொனசைற்று மணிகளைக் கண்டார். மொனசைற்றில் தோரியம் உண்டு. பெற்றோமக்ஸ் விளக்கின் மென்ரில் வெள்ளையாக ஒளிர்வதற்குத் தோரியம் வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகள் எல்லாம் இந்த மென்ரிலை நம்பியிருந்தன. ஆகவே அவர் கயிறு வந்த வழியே பின்னோக்கி நடந்து மணவாளக்குறிச்சியை அடைந்து, அங்கேயே மணலைப் பிரிக்கும் ஆலை ஒன்றையும் அமைத்தார். கயிற்றை இறக்குமதி செய்த எத்தனையோ பேர் அதே மணலைத் தட்டிக் கொட்டியிருப்பார்கள். கையிலிருக்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகிய ஒருவர் கண்ணில் அது பட்டபோதுதான் ஒரு தொழில் பிறந்தது. இந்தப் படிப்பு கற்றுத்தருவது அந்தக் கேள்வியைத்தான்.

அதற்குப் பின் நடந்தது எங்களுக்கு இன்னும் முக்கியம். அந்த மணலில் மொனசைற்றைவிட இல்மனைற்றே அதிகம். அது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கரிய கனிமம். அதிலிருந்து வெள்ளை வர்ணம் செய்ய 1946இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் தைத்தேனிய நிறுவனம் எழுந்தது. 1975இல் அதே நகரில் ஒரு பிராந்திய ஆராய்ச்சிக்கூடம் வந்தது. கொல்லத்துக்கு அருகே சவறையில் 2011இல், இந்திய விண்வெளித் திட்டத்தின் தேவைக்காக, ஆண்டுக்கு 500 தொன் தைத்தேனியக் கடற்பஞ்சு செய்யும் ஆலை திறக்கப்பட்டது. கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து ஏவூர்தி உலோகம் வரை போக நூறு ஆண்டுகள் பிடித்தன. இடையில் வந்த ஒவ்வொரு படியிலும் ஆய்வுகூடமும் ஆலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இப்போது புல்மோட்டைக்கு வாருங்கள். திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், கொக்கிளாய்க்கு அப்பால், அதே கரிய மணல். அதில் எழுபது சதவீதமளவு இல்மனைற்று. மிச்சத்தில் றூட்டைல், சிர்க்கன், சிறிதளவு மொனசைற்று. கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கியது. இன்றும் மணலைக் கனிமங்களாகப் பிரித்து ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் சுவருக்குப் பூசும் வர்ணத்தின் தைத்தேனியமீரொட்சைட்டை இறக்குமதி செய்கிறோம். போர் ஒரு காரணம், முதலீடு ஒரு காரணம், அமிலக் கழிவை எங்கே விடுவது என்பது மிக நியாயமான இன்னொரு காரணம். ஆனால் கழிவைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடிப்பதும் இந்தத் துறை படித்தவர்களின் வேலைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் தைத்தேனியமீரொட்சைட்டைக் கொண்டு சூரியக் கலங்களை ஆராய்கிறார்கள். அந்தத் தூளுக்கும் புல்மோட்டை மணலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் பொறியியலாளர் வேண்டும்.

உள்ளூர்த் தாதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளையின் உலகம் சுருங்கிவிடாதா என்பது அடுத்த ஆட்சேபம். துறைகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டாட்டாவின் ஜாம்ஷெட்பூர் உலையில் 1912இல் உருக்கு வார்க்கத் தொடங்கினார்கள். 1923இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பட்டப்படிப்பு வந்தது. திருச்சியின் பொறியியல் கல்லூரி, இன்றைய என்.ஐ.டி., 1964இல் தொடங்கியது. அதே ஊரில் கொதிகலன் செய்யும் பெல் ஆலையும், 1975 முதல் அந்த ஆலையின் ஒட்டுத்தொழில் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. உலோகவியல் படிப்பவருக்கு அத்தகைய அயல் ஒரு பெரிய வளம். ஒரு பொருளை ஆழமாகக் கற்றவர் பிற பொருளுக்கு இலகுவாகத் தாவுகிறார், ஏனென்றால் அமைப்பு, பதப்படுத்தல், இயல்பு ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பு எல்லாப் பொருளுக்கும் பொது. போகலையிலும் கஹட்டகஹவிலும் வெட்டும் காரீயத்தின் படலங்களைப் புரிந்துகொண்டவருக்கு லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்வாய் அந்நியமாக இராது, அங்கேயும் காரீயம்தான்.

வேலை எங்கே என்ற கேள்வி மீதமிருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 முதல் 1990 வரை எங்கள் சுண்ணக்கல்லை எரித்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்தது. காரைநகர் சீநோர் கண்ணாடியிழைப் படகு கட்டியது. மூன்றையும் போர் முடக்கியது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எனினும் வேலை முற்றாகப் போய்விடவில்லை. உப்புக் காற்றில் கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து வெடிக்கும் வீடுகள் வடமராட்சிக் கரை முழுவதும் உண்டு. மன்னாரில் தம்பபவனியின் 30 காற்றாலைகளும் பளையின் காற்றாலைகளும் கலப்புப்பொருள் இறக்கைகளோடு அதே உப்பில் சுழல்கின்றன. அவற்றின் ஆயுளைக் கணிக்க வெளியூரிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்று விதியில்லை. தொடக்கச் சம்பளத்தில் மென்பொருள் முந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை மட்டும் அளவுகோலாக வைப்பவர்களுக்கு இந்தத் துறை பொருந்தாது. அவர்கள் வேறு துறைக்குப் போவதே நல்லது.

ஆகவே துறையின் பக்கத்தைத் திறந்தால் கட்டடப் படத்தைத் தாண்டிப் போங்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டியும் எக்ஸ் கதிர்க் கோணல் கருவியும் இழுவைச் சோதனைப் பொறியும் இருக்கின்றனவா, இளமாணி மாணவர் அவற்றைத் தங்கள் கையால் இயக்குகிறார்களா, இறுதியாண்டுச் செயற்றிட்டங்களின் தலைப்புகள் என்ன, கைத்தொழில் பயிற்சிக்கு எந்த ஆலைகள் எடுக்கின்றன என்று கேளுங்கள். ஒரு கருவி கண்ணாடிக்குள் பூட்டியிருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தைவிட, பழைய கருவியை மாணவர் கையில் கொடுக்கும் சிறிய துறை மேல். இன்னொன்றையும் பாருங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. இந்தியாவும் அதே ஆண்டு சேர்ந்தது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகள் அதன் வழியே பட்டத்தை மதிக்கின்றன. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கிடைப்பதில்லை, பட்டப்படிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, குறித்த காலத்துக்குக் கிடைக்கிறது. பெயர்பெற்ற இடத்தில் அங்கீகாரம் பெறாத படிப்பும் இருக்கலாம்.

வெளிநாட்டுக் கட்டணமும் புலமைப்பரிசிலும் இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். மணல் இடத்தை எடுத்துக்கொண்டது. அவை அடுத்த வாரம். அதற்கிடையில், உயர்தரப் பெறுபேற்றோடு வீட்டில் பிள்ளை இருக்கும் வாசகர்கள், விருப்ப ஒழுங்கை நிரப்பு முன் மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். ரியூற்றரியில் சொன்ன ஒழுங்கை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டாம்.