கிராபிக்ஸ் கார்டின் வேகமும் ஸ்திரமும்

கிராபிக்ஸ் கார்டை உற்பத்தியாளர் விதித்த வேகத்துக்கு மேல் ஓட்ட விரும்புவோர், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளின் துணையால், மின்னழுத்தத்தைத் தொடாமல், கடிகார வேகத்தை 15 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தி, படிதோறும் உஷ்ணத்தைக் கவனித்து, திரை உறைந்தாலோ விபரீதப் புள்ளிகள் தோன்றினாலோ உடனே பின்வாங்குவது உசிதம். நினைவகத்தின் சுபாவமோ வேறு: 2020-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3080-இன் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம், பிழை நேர்ந்த தரவை மீண்டும் அனுப்பிச் சரிசெய்துகொள்வதால், வேகம் மிதமிஞ்சும்போது திரையில் யாதொரு விகாரமும் காட்டாமலே கார்டின் திறன் க்ஷீணிக்கக்கூடும், ஆகையால் கடிகார எண்ணை நம்பாது, சோதனை மதிப்பெண்ணையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும். த்ரீடிமார்க் என்னும் சோதனை மென்பொருளின் ஸ்திரத்தன்மைப் பரீட்சை ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, பிரேம் வீதத்தின் சீர்மையில் குறைந்தது 97 சதவீதம் கேட்கிறது. அதில் தேறிய கார்டும் நெடுநேர விளையாட்டில் தடுமாறலாம். அப்போது தயங்காமல் ஒரு படி இறக்கிவிடுங்கள்.