மின்பியானோவின் ஒலியும் அதனை ஆக்கும் முறையும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனத் தமிழ்ப் பெரியோர் வகுத்தனர். ஒலியை எழுப்பும் பொருள் யாது என்பதே இவ்வகுப்பின் அடிப்படை. இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், பியானோ நரம்புக்கருவியின்பாற்படும். இழுத்துக் கட்டப்பட்ட உருக்குக் கம்பிகளைச் சுத்தியல்கள் தாக்குதலால் அதன் ஒலி பிறக்கின்றது. மின்பியானோவோ பெயரளவிற் பியானோவாயினும் நரம்புக்கருவியன்று. அது தாளத்தோடும் கோயில் மணியோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க கஞ்சக்கருவியாகும். இவ்வுண்மையை உணராது சிந்தசைசரில் அதன் ஒலியை ஆக்கப் புகுவோர் முதலடியிலேயே வழுக்குவர்.

இவ்வாராய்ச்சி நம்மவர்க்குப் புறம்பானதன்று. நெடுங்கேணி முதலிய வன்னி ஊர்களின் திருவிழா மேடைகளில் இன்னிசைக் குழுவினர் வாசிக்கும் கீபோர்ட்டுகளில் ‘மின்பியானோ’ என்னும் பெயருடன் ஆயத்த ஒலிகள் சில அமைந்துள்ளன. பொத்தானை அழுத்தினால் ஒலி வரும். ஆயினும் அஃது ஏன் அவ்வாறு ஒலிக்கின்றது என்பதை அறியாதவன் தன் பாட்டுக்கு ஏற்ப அதனைத் திருத்தும் ஆற்றல் பெறான். பிறர் தைத்த சட்டையை அளவு பாராது அணிபவனை ஒப்பன் அவன்.

மின்பியானோக்களுள் தலைசிறந்தது ஹரோல்ட் றோட்ஸ் என்னும் அமெரிக்கர் ஆக்கியது. 1910ஆம் ஆண்டிற் பிறந்து 2000ஆம் ஆண்டில் மறைந்த இவர், பியானோ கற்பிக்கும் ஆசிரியர். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்றுப் படுக்கையிற் கிடந்த போர்வீரர்க்கு இசை பயிற்ற விரும்பினார். பெரிய பியானோவை மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொணர்தல் இயலாது. ஆதலின், போர்விமானங்களுக்குரிய அலுமினியக் குழாய்களை எடுத்து, மடிமீது வைத்து வாசிக்கத்தக்க சிறு கருவியொன்றைச் சமைத்தார். அழிவுக்கென ஆக்கப்பட்ட பொருள் ஆறுதலுக்குப் பயன்பட்டது. அம்முயற்சி படிப்படியாக வளர்ந்து, 1965ஆம் ஆண்டில் 73 கட்டைகள் கொண்ட பெண்டர் றோட்ஸ் பியானோவாக வெளிப்போந்தது.

இக்கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மெல்லிய உருக்குக் கோல் உண்டு. அதனோடு கனத்த உலோகப் பட்டையொன்று பிணைக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டும் சேர்ந்து, ஒரு கை மெலிந்தும் மறுகை பருத்தும் உள்ள இசைக்கவையை ஒக்கும். சுத்தியல் தாக்கக் கோல் அதிரும். பட்டை அவ்வதிர்வை நெடிது நிலைக்கச் செய்யும். கோலின் நுனிக்கு எதிரே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. கோல் அசையுந்தோறும் சுருளினூடு செல்லும் காந்தப்பாயம் மாறி, அச்சுருளில் மின் தோன்றும்.

இத்தத்துவத்தை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் பின், போர் காரணமாக மின்னிணைப்பு அற்றிருந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் பலர். ஆங்கே காந்தம் சுழன்று சுருளில் மின்னை எழுப்பியது. ஈங்குக் காந்தம் அசையாதிருக்க, உருக்குக் கோலின் அசைவு அதே பணியைச் செய்கின்றது. மின்காந்தத் தூண்டல் என்னும் விதி இரண்டிற்கும் பொதுவாம்.

இனி அதன் தொனிப் பண்பை நோக்குவாம். கோலின் நுனி காந்தத்தின் நடுவுக்கு நேராக இருப்பின், அஃது ஒருமுறை சென்று மீளுங்கால் நடுவை இருமுறை கடக்கும். அதனால் அடிப்படைச் சுரத்தினும் ஒரு தாயி மேலான ஒலி மிகுந்து கேட்கும். நுனியைச் சற்றே விலக்கி வைப்பின் அடிப்படைச் சுரம் வலுப்பெறும். மென்மையாகத் தாக்கின் கோலின் அசைவு சிறிது; ஒலி குழலோசை போல் உருண்டு வரும். வன்மையாகத் தாக்கின் அசைவு பெரிதாகி, மேற்றொனிகள் பல தோன்றி, ஒலி கரகரப்பும் கூர்மையும் எய்தும். இவற்றோடு, தாக்கிய கணத்தில் மணியொலி போன்றதொரு சிலம்பலும் எழுந்து விரைவில் அடங்கும். ஒருமுனை பிடிக்கப்பட்ட தனிக்கோலின் இரண்டாம் அதிர்வு முதல் அதிர்வைப்போல் ஏறத்தாழ 6.27 மடங்கு மீடிறனுடையது. அது முழுவெண் மடங்கன்று. மணியின் ஒலியிற் கேட்கும் தனிச்சுவையும் இத்தகைய முழுவெண் அல்லாத தொடர்பாலேயே விளைவது.

ஆகவே, மின்பியானோவின் உயிர் அதன் அலைவடிவில் இல்லை. கையின் விசைக்கேற்ப அவ்வடிவு மாறுதலிலேயே உள்ளது. ஓர் ஒலியை மாத்திரம் நகல் செய்தவன் உடலைப் பெற்றான். மாறும் இயல்பை நகல் செய்தவனே உயிரைப் பெற்றான்.

இம்மாறுதலை இலத்திரனியல் வழியில் எளிதாக்கியவர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சௌனிங். 1967ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்த முறையைக் கமகத்தைக் கொண்டு விளக்கலாம். பாடகன் சுரத்தை மெல்ல அசைப்பின் செவி அவ்வசைவை அசைவாகவே உணரும். அவ்வசைவு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழுமாயின், செவி அசைவை உணராது. புதிய தொனிப் பண்பையே உணரும். ஓர் அலையின் மீடிறனைப் பிறிதோர் அலையால் இவ்வாறு விரைந்து அசைத்தலே மீடிறன் மட்டிசைப்பு முறையாகும். அசைக்கும் அலையின் வலிமை கூடுந்தோறும் மேற்றொனிகள் பெருகும். கையின் விசையை அவ்வலிமையோடு இணைத்துவிட்டால், உருக்குக் கோலின் இயல்பு கைவந்துவிடும். இம்முறையைக் கொண்டு யமஹா நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட டிஎக்ஸ்-7 என்னும் கருவியின் மின்பியானோ ஒலி உலகெங்கும் பரவியது.

1988ஆம் ஆண்டில் வெளிவந்த கொர்க் எம்-1, பதிவுசெய்த ஒலிகள், அவற்றைத் திருத்தும் பகுதி, எதிரொலி முதலிய விளைவுகள், வாசிப்பைப் பதிந்து அடுக்கும் பகுதி ஆகியவற்றை ஒரே பெட்டியுள் அடக்கியது. இத்தகைய கருவியே வேர்க்ஸ்ரேசன் எனப்படுவது. பதிவொலி முறையில் ஒரு குறையுண்டு. மென்மை, நடுத்தரம், வன்மை எனச் சில படிகளில் மாத்திரம் பதிவு செய்யின், ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவுதல் செவிக்குப் புலனாகும். 2011ஆம் ஆண்டில் வந்த கொர்க் குறோனஸ் இத்தாவலை நீக்கி, மின்பியானோவுக்கெனத் தனியொரு ஒலியாக்கப் பகுதியையும் கொண்டிருந்தது.

மட்டிசைப்பு முறையுடைய எக்கருவியிலும் இவ்வொலியை ஆக்குதற்குரிய ஒழுங்கு வருமாறு.

முதலாவது, உடலொலி. அசைக்கும் அலைக்கும் அசைக்கப்படும் அலைக்கும் ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் கொடுத்து, அசைக்கும் வலிமையைக் குறைவாக வைத்தல் வேண்டும். ஒலி உடனே தோன்றிப் படிப்படியாகத் தேய்ந்து மறைதல் வேண்டும். ஓகன் போல் நிலைத்து நிற்றல் கூடாது. கீழ்ச்சுரங்கள் நெடிதும் மேற்சுரங்கள் குறுகியும் ஒலிக்குமாறு தேய்வைக் கட்டையின் நிலையோடு இணைத்தல் நன்று.

இரண்டாவது, சிலம்பல். வேறோர் இணையில், அசைக்கும் அலைக்குப் பதினான்கு மடங்கு மீடிறன் கொடுத்து, அது விரைந்து தேயுமாறு செய்க. டிஎக்ஸ்-7இன் புகழ்பெற்ற மின்பியானோ ஒலியிலும் இவ்விகிதமே கையாளப்பட்டது. சிலம்பல் மிகின் மணியோசை மேலோங்கிப் பியானோ மறையும்.

மூன்றாவது, விசை. மிடி என்னும் பொதுமுறையில் கட்டையை அழுத்தும் விசை 1 முதல் 127 வரையான எண்களாற் குறிக்கப்படும். இவ்வெண் ஒலியின் பருமனை மாத்திரமன்றி அசைக்கும் வலிமையையும் ஆளுமாறு அமைத்தல் வேண்டும்.

இறுதியாக, விளைவுகள். ஒலி இடமும் வலமுமாக மெல்ல ஊசலாடும் நடுக்கம் றோட்ஸ் பியானோவுக்கு அழகு தருவது. சிறிதளவு கரகரப்பும் சேர்க்கலாம். ஆயினும் முன்னைய மூன்றும் செவ்வனே அமையாவிடின் விளைவுகளாற் பயனில்லை. உப்பில்லாக் கறிக்கு வாழையிலை அழகு செய்யாது.

ஆக்கிய ஒலியைச் சோதிக்கும் வழி எளிது. ஒரே கட்டையை முதலில் மெல்லவும், பின்னர் வலிந்தும் அழுத்துக. ஒலி பெருகுதல் மாத்திரம் நிகழுமாயின் ஆக்கம் குறையுடையது. ஒலியின் நிறமும் உடன் மாறுமாயின் அது நிறைவுடையது. மிருதங்கக் கலைஞன் விரலின் அழுத்தத்தால் ஒரே தோலிற் பல சொற்களைப் பிறப்பித்தலை இதனோடு ஒப்பு நோக்குக.

கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும், அதன் எண்களுக்குப் பின்னே அதிரும் உருக்குக் கோலொன்று உண்டு என்பதைக் கற்பனையிற் காணும் மாணவனே அதனை ஆள்வான். பொறியியலும் இசையும் அவன் செவியில் ஒன்றாகும். வன்னியின் மேடைகளில் ஆயத்த ஒலிகள் ஒலிக்கும் காலம் மாறி, அவ்வூர் இளைஞர் தாமே ஆக்கிய ஒலிகள் ஒலிக்கும் காலம் வருதற்கு வேண்டுவது புதிய கருவியன்று. கையிலுள்ள கருவியை அறியும் கல்வியே.